வாசகர் கேள்வி – பதில்: பெரியவர்கள் பார்க்கும் ஜப்பானிய அனிமேஷன்

ஜப்பானிய அனிமேஷன் திரைப்படங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள், ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாக இணைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கதையின் முடிவை வெளிப்படுத்தும் இடங்களை இயன்றவரை தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐம்பது வயதைக் கடந்தவன் நான். மகள் வற்புறுத்தியதால் ஒரு ஜப்பானிய அனிமேஷன் படத்தைப் பார்க்க உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டேன். பெரிய கண்களும் பொம்மை முகங்களும் கொண்ட இந்தப் படங்களில் வளர்ந்த மனிதர்களுக்கு என்னதான் இருக்கிறது?

பதில்: கண்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய கண்கள் ஒரு வரைமரபு, அவ்வளவுதான். பழகிய பிறகு அவை உறுத்துவதில்லை. எல்லாப் படங்களிலும் அந்த மரபு இருப்பதும் இல்லை. சதோஷி கோன் இயக்கிய படங்களில் வருபவர்களுக்குத் தெருவில் எதிர்ப்படும் ஜப்பானியர்களின் முகமே இருக்கிறது. தாடை தொங்கியவர்கள், பல் எடுப்பானவர்கள், சவரம் செய்யாதவர்கள் எல்லாரும் அங்கே உண்டு.

வரைந்த கதை என்றால் அது குழந்தைகளுக்கானது என்ற எண்ணம் ஜப்பானில் முழுமையாக வேரூன்றவே இல்லை என்பதுதான் இதில் முக்கியமானது. அதற்குக் காரணம் திரைப்படம் அல்ல, அச்சில் வந்த மாங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக் கதைகள். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் மாங்கா படித்து வளர்ந்த பிள்ளைகள் வயது வந்த பிறகும் அந்தப் பழக்கத்தைக் கைவிடவில்லை. 1950களின் பிற்பகுதியில், வாடகைப் புத்தகக் கடைகளுக்காக வரையப்பட்ட இருண்ட, யதார்த்தமான கதைகள் இளம் தொழிலாளர்களிடையே பரவின. 1960களின் இறுதிக்குள் வளர்ந்த ஆண்களுக்கென்றே மாங்கா இதழ்கள் வரத் தொடங்கின. பெண்களுக்கான இதழ்கள் அடுத்து வந்தன. அலுவலக அரசியலையும் மணமுறிவையும் முதுமையையும் கோட்டோவியங்களில் படித்துப் பழகிய ஒரு வாசகர் கூட்டம், திரைப்பட இயக்குநர்கள் வருவதற்கு முன்பே அங்கே தயாராக இருந்தது. கட்சுஹிரோ ஒட்டோமோ தம்முடைய மாங்காவையே 1988இல் 'அகிரா' என்ற படமாக எடுத்தபோது, சிதைந்த அரசு, தெருச் சண்டை, குழந்தைகள் மீது நடக்கும் இராணுவச் சோதனை ஆகியவற்றைத் திரையில் காட்டுவதற்கு அவர் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. (2019இல் நடப்பதாக அமைந்த அந்தக் கதையில் டோக்கியோ 2020 ஒலிம்பிக் போட்டிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கும். அந்த ஆண்டுக்கான போட்டி பின்னர் உண்மையிலேயே டோக்கியோவுக்குக் கிடைத்தபோது பலர் அதை நினைவுகூர்ந்து வியந்தார்கள்.)

2002இல் பெர்லின் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கக் கரடியை, நடிகர்கள் நடித்த ஒரு படத்தோடு பகிர்ந்துகொண்டது ஹயாவோ மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே'. அந்த நடுவர் குழு அதைச் சிறுவர் படமாகக் கருதி விருது கொடுக்கவில்லை.

கேள்வி: இசாவோ தக்காஹாதாவின் 'ஒன்லி எஸ்டர்டே' படத்தில் மந்திரமும் இல்லை, அரக்கரும் இல்லை. அலுவலகத்தில் வேலை பார்க்கும் 27 வயதுப் பெண் ஒருத்தி, விடுமுறைக்கு ஒரு கிராமத்துக்குப் போய்த் தன் பள்ளி நாட்களை நினைத்துப் பார்க்கிறாள். இதை நடிகர்களை வைத்தே எடுத்திருக்கலாமே, வரைய வேண்டிய தேவை என்ன?

பதில்: வந்த கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்; ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

கேமராவுக்குப் பல பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நடிகை ஒருவர் அறைக்குள் நுழையும்போது அவருடைய கூந்தல் அசைவதும், சட்டையில் மடிப்பு விழுவதும், சுவரில் நிழல் நகர்வதும் யாரும் திட்டமிடாமலேயே படத்தில் பதிந்துவிடும். வரைபவருக்கு எதுவுமே இலவசம் இல்லை. திரையில் அசையும் ஒவ்வொன்றும், யாரோ ஒருவர் இது அசைய வேண்டும் என்று முடிவுசெய்ததால் மட்டுமே அசைகிறது. 'ஸ்பிரிட்டட் அவே' படத்தின் சிஹிரோ காலணியை மாட்டியதும் கால்விரல் நுனியைத் தரையில் தட்டிச் சரிசெய்துகொள்வாள். நடிகை செய்திருந்தால் அது நம் கவனத்துக்கே வந்திராது. வரையப்பட்டிருப்பதால், ஒரு பத்து வயதுச் சிறுமி காலணி மாட்டுவதை யாரோ எத்தனை பொறுமையாகக் கவனித்திருக்கிறார்கள் என்பதும் சேர்ந்தே நமக்குத் தெரிகிறது. இந்தப் படங்கள் பெரியவர்களுக்குத் தருவனவற்றில் முதன்மையானது இந்தக் கவனிப்பு என்றே நான் கருதுகிறேன். குழந்தைகளுக்கு உலகம் இன்னும் புதிதாக இருப்பதால் அவர்களுக்கு அது அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை; பார்த்ததையே பார்த்து மரத்துப்போன கண்களுக்குத்தான் தேவைப்படுகிறது.

நீங்கள் குறிப்பிட்ட 1991ஆம் ஆண்டுப் படத்துக்கே வருவோம். அதில் நிகழ்காலக் காட்சிகள் மூலை முடுக்கெல்லாம் நிரப்பி வரையப்பட்டிருக்கின்றன. 1966இல் நடக்கும் பள்ளிப்பருவக் காட்சிகளோ வெளிர் வண்ணத்தில், ஓரங்களில் கரைந்து வெள்ளைத் தாளாக முடிந்துவிடுகின்றன. நினைவு என்பது நடுவில் தெளிவாகவும் விளிம்பில் ஒன்றுமில்லாமலும் இருப்பதை ஒரு வசனமும் இல்லாமல் அது காட்டிவிடுகிறது. ஒரு குடும்பம் முதன்முதலாக அன்னாசிப் பழம் ஒன்றை வாங்கி வந்து, எப்படி வெட்டுவது என்று தெரியாமல் தவித்து, ஒருவழியாக வெட்டிச் சுவைத்து, எதிர்பார்த்த ருசி இல்லையென்று ஒவ்வொருவராக ஒதுக்கிவைக்கும் காட்சி அந்தப் பகுதியில் வருகிறது. சிறுமி மட்டும் விட்டுக்கொடுக்காமல் சாப்பிட்டுக்கொண்டே இருப்பாள். நிகழ்ச்சி என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. ஏமாற்றத்தை ஒப்புக்கொள்ள மறுக்கும் ஒரு குழந்தையின் முகம் இருக்கிறது. முப்பதை நெருங்கும் அந்தப் பெண்ணுக்கு அது ஏன் நினைவுக்கு வருகிறது என்பதை நாமே புரிந்துகொள்ள விட்டுவிடுகிறார் இயக்குநர்.

வரைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. சுனாவோ கட்டாபூச்சியின் 'இன் திஸ் கார்னர் ஆஃப் தி வேர்ல்டு' (2016) படத்தின் தொடக்கத்தில் ஹிரோஷிமாவின் நகாஜிமா கடைத்தெரு வருகிறது. அணுகுண்டு அழித்துவிட்ட அந்த இடம் இன்று அமைதி நினைவுப் பூங்காவாக இருக்கிறது. பழைய ஒளிப்படங்களையும் அங்கே வாழ்ந்தவர்களின் நினைவுகளையும் கொண்டு படக்குழு அந்தத் தெருவை மீட்டு வரைந்தது. எந்தக் கேமராவாலும் போக முடியாத இடம் அது.

பட்டினியால் வாடும் குழந்தையைக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடிக்கும் குழந்தை உண்மையில் நலமாக இருக்கிறது என்பது நம் மனத்தின் ஓரத்தில் இருந்துகொண்டேயிருக்கும். அதன் நடிப்பை மெச்சக்கூடச் செய்வோம். வரையப்பட்ட குழந்தைக்குப் படத்துக்கு வெளியே ஒரு வாழ்க்கை இல்லை. அது கதைக்குள் மட்டுமே இருக்கிறது; கதைக்குள் அதற்கு நேர்வதிலிருந்து நாம் தப்பித்துப் போக இடமில்லை.

கேள்வி: 'பிரின்சஸ் மோனோனோகே' பார்த்தேன். காடு அழிவதும் கவலை தருகிறது, அழிப்பவர்கள் மீதும் வெறுப்பு வரவில்லை. யார் பக்கம் நிற்பதென்றே தெரியவில்லை. இது இயக்குநரின் குழப்பம் அல்லவா?

பதில்: குழப்பமில்லை, திட்டமிட்டே அப்படி அமைத்திருக்கிறார் மியாசாகி. இரும்பு உருக்கும் ஊரின் தலைவியான எபோஷி காட்டை வெட்டுகிறாள், துப்பாக்கி செய்கிறாள், காட்டுத் தெய்வத்தையே கொல்லத் துணிகிறாள். அதே எபோஷிதான் விலைமாதர் விடுதிகளிலிருந்து பெண்களை மீட்டு வந்து வேலையும் மரியாதையும் தருகிறாள். யாரும் தொட மறுத்த தொழுநோயாளிகளின் புண்களைத் தன் கையால் கழுவிக் கட்டுகிறாள். அவளை வீழ்த்தினால் காடு பிழைக்கும், அந்தப் பெண்கள் எங்கே போவார்கள்? இந்தக் கேள்வியைச் சிறுவர்கள் கேட்பதில்லை. சம்பளம் வாங்கியவர்களும் சம்பளம் கொடுத்தவர்களும் கேட்பார்கள்.

அவருடைய பிற படங்களிலும் இது தொடர்கிறது. 'ஸ்பிரிட்டட் அவே' படத்தின் சூனியக்காரி யுபாபா வேலையாட்களைக் கசக்கிப் பிழியும் முதலாளி. ஆனால் கொடுத்த வாக்கை மீற மாட்டாள், தன் குழந்தையிடம் மட்டும் எல்லாப் புத்தியையும் இழந்துவிடுவாள். 2013இல் வந்த 'தி விண்ட் ரைசஸ்', இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பயன்படுத்திய ஜீரோ போர் விமானத்தை வடிவமைத்த ஜிரோ ஹோரிகோஷியை நாயகனாகக் கொண்டது. அழகான விமானம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற ஆசையைத் தவிர வேறெதுவும் தெரியாதவராக அவரைக் காட்டியதற்காக ஒரு தரப்பினர் கண்டித்தார்கள். படம் நாட்டுப்பற்றுக்கு எதிரானது என்று மறுதரப்பினர் கண்டித்தார்கள். மியாசாகியின் குடும்பத் தொழிற்சாலையே போர்க்காலத்தில் விமான உதிரிபாகங்கள் செய்த ஒன்று என்பதை அறிந்தால், அந்தப் படத்தில் உள்ள சங்கடம் யாருடையது என்பது விளங்கும். (புகையிலை எதிர்ப்புச் சங்கம் ஒன்றும் படத்தைக் கண்டித்தது. காசநோயாளி மனைவியின் படுக்கையருகே அமர்ந்து கணவன் புகைக்கும் காட்சியைப் பார்த்தால், சங்கத்தின் மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.)

கேள்வி: கதை நின்றுவிடுகிறதே! ஐந்து நிமிடம் ரயில் போகிறது, மழை பெய்கிறது, யாரும் பேசுவதில்லை. இது கலையா, அல்லது செலவைக் குறைக்கும் தந்திரமா?

பதில்: இரண்டும் உண்டு. எது எங்கே என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

ஒரு நொடித் திரைப்படத்தில் 24 பிரேம்கள், அதாவது அடுத்தடுத்து ஓடும் தனிப்படங்கள், இருக்கின்றன. ஒவ்வோர் ஓவியத்தையும் இரண்டு பிரேம்களுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும். மூன்று பிரேம்களுக்கு நிறுத்தினால் எட்டே போதும். 1963இல் ஒசாமு தெசுகா 'அஸ்ட்ரோ பாய்' தொடரை வாரந்தோறும் தொலைக்காட்சிக்குத் தந்தபோது, கையிலிருந்த பணத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ப ஓவியங்களைக் குறைத்து, அசையாத படங்களையும் ஒலியையும் கொண்டு காட்சிகளை ஓட்டினார். ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமேஷன் அந்த வழியிலேயே வளர்ந்தது. அசைவற்ற ஒரு முகத்தை நீண்ட நேரம் காட்டினாலும் பார்வையாளர் அதில் உணர்ச்சியைக் கண்டுகொள்வார் என்பதை அந்தத் தட்டுப்பாடே அவர்களுக்குக் கற்பித்தது.

மியாசாகியும் தக்காஹாதாவும் அந்த வழியில் வந்தவர்கள் அல்லர். முழு அசைவு அனிமேஷனை இலக்காகக் கொண்டிருந்த தோயெய் நிறுவனத்தில் தொழில் பழகியவர்கள். நீங்கள் சொல்லும் ரயில் 'ஸ்பிரிட்டட் அவே' படத்தினுடையதாக இருக்க வேண்டும். தண்ணீரின் மேல் ஓடும் அந்த ரயிலில் முகமற்ற நிழல் மனிதர்கள் ஏறி இறங்குகிறார்கள். சிறுமி ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். அதுவரை ஓடிக்கொண்டேயிருந்த பிள்ளை அங்கேதான் முதன்முறையாகத் தனக்கு நேர்ந்ததை எண்ணிப் பார்க்கிறாள். நம்மையும் எண்ணிப் பார்க்கவிடுகிறார் இயக்குநர். மமோரு ஒஷீயின் 'கோஸ்ட் இன் தி ஷெல்' (1995) படத்தின் நடுவிலும் இப்படி ஓர் இடம் உண்டு: ஹாங்காங்கை மாதிரியாகக் கொண்டு வரைந்த நகரத்தில் மழையும் கால்வாயும் கடைப் பலகைகளும் வந்துபோக, கென்ஜி கவாயின் இசை மட்டுமே ஒலிக்கிறது. இயந்திர உடலில் குடியேறிய தன் மனம் உண்மையிலேயே தன்னுடையதுதானா என்று ஐயுறும் ஒருத்தியின் கதையில், அந்தச் சில நிமிடங்களே அவளுடைய ஐயத்தை நமக்கும் தொற்றவைக்கின்றன. என்னைக் கேட்டால், அந்தப் படத்தில் தத்துவம் பேசும் வசனங்களைவிட இந்தப் பேச்சற்ற பகுதி மேலானது.

கேள்வி: 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' படத்தை எல்லாரும் சிபாரிசு செய்கிறார்கள். அழுவதற்காக ஒரு படம் பார்க்க எனக்கு விருப்பமில்லை. போர் கொடியது என்பது தெரிந்ததுதானே?

பதில்: அது மட்டும் சொல்வதற்காக எடுத்த படமாக இருந்தால் நானும் உங்கள் பக்கமே நிற்பேன். அகியுகி நோசாகா 1967இல் எழுதிய சிறுகதையே அதன் மூலம். போரின் இறுதியில் ஊட்டமின்றித் தம் தங்கையை இழந்தவர் அவர். படத்தை இயக்கிய தக்காஹாதாவும் ஒன்பது வயதில் ஒக்காயாமா நகரின் மீதான குண்டுவீச்சில் உயிர் பிழைத்தவர். ஆயினும், இது போர் எதிர்ப்புப் படம் அல்ல என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

படத்தின் முதல் வாக்கியத்திலேயே அந்தச் சிறுவன், 1945 செப்டம்பர் 21 இரவு தான் இறந்ததாகச் சொல்லிவிடுகிறான். பிழைப்பார்களா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. எந்த இடத்தில் வேறு வழி எடுத்திருக்கலாம் என்ற கேள்வி மட்டுமே எஞ்சுகிறது. கோபே நகரம் எரிந்து, தாயும் இறந்தபின், பதினான்கு வயது அண்ணனும் நான்கு வயதுத் தங்கையும் உறவுக்காரப் பெண் ஒருவர் வீட்டில் அடைக்கலம் புகுகிறார்கள். இளம் வயதில் பார்ப்பவர்களுக்கு அந்தப் பெண் கல்நெஞ்சக்காரியாகவே தெரிவார். குடும்பம் நடத்திப் பழகியவர்கள் பார்க்கும்போது, அளந்து கிடைக்கும் அரிசி, வேலைக்குப் போய்வருபவர்களுக்கு முதலில் சோறு வைக்க வேண்டிய கட்டாயம், எந்த வேலையும் செய்யாமல் வீட்டிலிருக்கும் பையன் எல்லாமும் கண்ணில் படும். அவருடைய சொற்கள் கொடியவை என்பது மாறாது. அவை எங்கிருந்து வருகின்றன என்பது புரியும். அவமானம் பொறுக்காமல் தங்கையை அழைத்துக்கொண்டு வெளியேறும் அண்ணனின் ரோஷம், அப்போது வீரமாக மட்டும் தோன்றாது. அழுகை வருமா என்றால், வரும். ஆனால் பார்த்து முடித்த பிறகு மனத்தில் தங்குவது, தவறு யாருடையது என்ற இந்த வழக்குத்தான்.

இந்தப் படமும், காட்டு ஆவியோடு நட்புகொள்ளும் இரு சிறுமிகளின் கதையான 'மை நெய்பர் டோட்டோரோ'வும் 1988 ஏப்ரல் 16 அன்று, ஒரே காட்சியில் இரண்டு படங்களாகத் திரையிடப்பட்டன என்பதைப் பலர் நம்ப மறுப்பார்கள். இரண்டையும் தயாரித்த ஸ்டுடியோ கிப்லியின் துணிச்சல் என்பதா, பெற்றோர்கள் மீது இரக்கமே இல்லாத முடிவு என்பதா, தெரியவில்லை.

கேள்வி: குழந்தைகளோடு சேர்ந்து பார்க்கக் கூடாத படங்கள் உண்டா?

பதில்: நிச்சயமாக. 'அகிரா', 'கோஸ்ட் இன் தி ஷெல்' இரண்டும் வேண்டாம். சதோஷி கோனின் 'பெர்ஃபெக்ட் ப்ளூ' (1997) வேண்டவே வேண்டாம். பாடகியாக இருந்து நடிகையாக மாறும் இளம்பெண் ஒருத்தி, தன் பெயரில் வேறு யாரோ இணையத்தில் நாட்குறிப்பு எழுதுவதைக் கண்டுபிடிக்கும் கதை அது. வன்முறையும் பாலியல் கொடுமையும் அதில் நேராகவே வருகின்றன. அட்டைப்படத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம்.

கேள்வி: டப்பிங்கில் பார்க்கலாமா, சப்டைட்டிலோடு பார்க்கலாமா?

பதில்: பெரும்பாலான படங்களுக்கு எதுவானாலும் சரி. ஜப்பானில் வழக்கமாக முதலில் வரைந்துவிட்டுப் பிறகு குரல் பதிவு செய்வார்கள். வாயசைவும் எளிமையாகவே இருக்கும். அதனால் எந்த மொழியும் ஓரளவு பொருந்திவிடுகிறது. விதிவிலக்குகள் உண்டு. 'அகிரா'வுக்கும், 'ஒன்லி எஸ்டர்டே' படத்தின் நிகழ்காலப் பகுதிக்கும் குரலை முன்கூட்டியே பதிவுசெய்து, அதற்கேற்ப உதட்டையும் கன்னத்துத் தசையையும் வரைந்தார்கள். அவற்றைச் சப்டைட்டிலோடு பார்ப்பதே நல்லது.

கேள்வி: ரசிகர்கள் இந்தப் படங்களைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். குறையே இல்லையா?

பதில்: ஏராளமாக உண்டு. வசூலில் முன்னிற்பவற்றுள் பல, தொலைக்காட்சித் தொடர்களின் நீட்சிகள். 2020இல் 'ஸ்பிரிட்டட் அவே' படத்தின் ஜப்பானிய வசூல் சாதனையை முறியடித்த 'டீமன் ஸ்லேயர்' படமும் அப்படிப்பட்டதே. தொடரைப் பார்க்காதவர்களுக்கு அதன் பாதி உணர்ச்சி எட்டாது. பெண்ணுடலை ஆண் பார்வைக்கு விருந்தாக வரையும் பழக்கம் இந்தத் துறையில் பரவலாக இருக்கிறது. அதை மரபு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஓர் அசைவின் முக்கிய நிலைகளுக்கு நடுவே வரும் இடைநிலை ஓவியங்களை வரையும் இளம் கலைஞர்களுக்கு ஓவியக் கணக்கில் மிகக் குறைந்த ஊதியமே கிடைக்கிறது என்பதும் நெடுநாளையப் புகார்.

இயக்குநர் மக்கோத்தோ ஷின்காயின் படங்களில் வரும் வானத்துக்கும் மழைக்கும் ஈடில்லை என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் பல இடங்களில் பாத்திரங்கள் துயரத்தை அடைவதற்கு முன்பே பாடல் வந்து அதை முடித்துவைத்துவிடுகிறது. 2011ஆம் ஆண்டு நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் நேரடியாக எதிர்கொள்ளும் அவருடைய 'சுசுமே' (2022) அந்தக் குறையை ஓரளவு கடந்திருக்கிறது. அக்காள் மகளைத் தனியாக வளர்த்த சித்தி, தன் இளமை போயிற்றே என்று ஓரிடத்தில் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாள். அந்தப் படத்தில் வரும் மாயக் கதவுகளைவிட எனக்கு அந்தக் காட்சியே பெரிதாகப் பட்டது.

கேள்வி: மாயாஜாலம் எனக்கு ஒத்துவராது. ஒரே ஒரு படம் சொல்லுங்கள்.

பதில்: சதோஷி கோனின் 'டோக்கியோ காட்ஃபாதர்ஸ்' (2003). வீடற்ற மூவர், அதாவது குடிகாரர் ஒருவர், ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழும் திருநங்கை ஒருவர், வீட்டைவிட்டு ஓடிவந்த சிறுமி ஒருத்தி, கிறிஸ்துமஸ் இரவில் குப்பைக்கு நடுவே கிடக்கும் பச்சிளங்குழந்தையைக் கண்டெடுத்து, அதன் தாயைத் தேடிப் புறப்படுகிறார்கள். தற்செயல்கள் அளவுக்கு மீறி வருகின்றன. அதைப் பற்றி இயக்குநர் சற்றும் வெட்கப்படவில்லை, நீங்களும் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்றரை மணி நேரம்தான். பிடித்திருந்தால், முதிய நடிகை ஒருவர் தம் வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல அது அவர் நடித்த படங்களோடு கலந்துபோகும் 'மில்லெனியம் ஆக்ட்ரெஸ்' (2001) படத்தை அடுத்துப் பாருங்கள். கோன் 2010இல் 46 வயதில் இறந்துவிட்டார். அவர் முடித்த முழுநீளப் படங்கள் மொத்தம் நான்கே. மாயாஜாலம் வேண்டாம் என்ற உங்கள் நிபந்தனையில் 'பாப்ரிகா' (2006) மட்டும் அடிபட்டுப் போகும்.